இரண்டு தடவை எழுதிய பரீட்சை

சென்ற கோடை விடுமுறைக்கு என் தம்பியின் பேத்தி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். பதினாறு வயது. அவள் பெட்டியில் பாதி இடத்தை ஒரு தடித்த கணக்குப் புத்தகம் அடைத்துக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். கால்குலஸ்!

"பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கம்மா?" என்று கேட்டேன்.

"காலேஜ் பாடம்தான், பெரிய தாத்தா. ஹைஸ்கூலிலேயே படித்து, வருகிற மே மாதப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்டால், அநேகக் காலேஜ்களில் இதை மறுபடி படிக்க வேண்டாம்" என்றாள்.

'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று அதற்குப் பெயராம். கதை எழுதுகிறவனுக்கு எதைக் கேள்விப்பட்டாலும் அதன் பூர்வோத்தரம் தெரிந்தாக வேண்டும். தேடிப் படித்தேன்.

ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்று மூன்று பள்ளிகள். பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பையன்கள் தங்கிப் படித்த இடங்கள். அங்கே தேறிய பலர் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைகளுக்குப் போனார்கள். போய் என்ன செய்தார்கள்? பள்ளியில் கடைசி இரண்டு வருஷம் படித்ததில் ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தார்கள்! அரைத்த மாவையே அரைக்கும் இந்தக் காரியத்தை அந்தப் பள்ளிகளும் சர்வகலாசாலைகளும் கூடி ஆராய்ந்து 1952-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ருஷ்யாவுடன் கெடுபிடி யுத்தம் மூண்டிருந்த காலம் அது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஒரு வருஷம் வீணாவதைத் தேசத்துக்கே நஷ்டம் என்று கருதினார்கள்.

அதே சமயத்தில், ஒஹையோ மாநிலத்துக் கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸின் முயற்சியில் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்தன. ஒரு பாடத்தை எந்த அளவுக்குப் பள்ளியில் நடத்தினால் கல்லூரி அதை ஒப்புக்கொள்ளும் என்று வகுத்தன. இரண்டு முயற்சிகளுக்கும் போர்டு அறக்கட்டளையின் பணம் உதவியது. பிறகு காலேஜ் போர்டு என்ற சங்கம் பொறுப்பேற்று, 1956 மே மாதத்தில் முறைப்படி பரீட்சை வைத்தது. 104 பள்ளிகளிலிருந்து 1,229 மாணவர்கள் எழுதினார்கள். அடுத்த வருஷம் ருஷ்யாவின் ஸ்புட்னிக் வானில் சுற்றியதும், அமெரிக்கர்களுக்கு விஞ்ஞானப் படிப்பில் வந்த அவசரம் கொஞ்சநஞ்சமல்ல.

இதைப் படித்தபோது எனக்கு என் பி.யு.சி. நாட்கள் ஞாபகம் வந்தன. அங்கே தெரிந்ததைத் திரும்பப் படிக்கும் சலிப்பு. இங்கே எங்களுக்கு அதற்கு நேர்மாறான சங்கடம். கிராமத்துப் பள்ளியில் பதினோரு வருஷம் தமிழில் கணக்குப் படித்துவிட்டுப் பட்டணத்துக் கல்லூரியில் போய் உட்கார்ந்தால், பேராசிரியர் இங்கிலீஷில் மழையாகப் பொழிவார். நான் எப்படியோ கரையேறினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கில் முதல்வன், பரீட்சையில் தவறி ஊருக்குத் திரும்பினான். "உன்னால் முடியும்" என்று அவனுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. 1978-ல் தமிழ்நாட்டில் அந்த வகுப்பே பள்ளிக்குள் வந்து பிளஸ் டூ ஆயிற்று. அவனுக்கு அது பத்து வருஷம் பிந்தி வந்தது.

அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்தப் பரீட்சையின் சரித்திரமே காட்டுகிறது. ஹைமே எஸ்கலான்டே பொலிவியா நாட்டில் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவில் குடியேறியபோது அவருடைய பழைய படிப்பு அங்கே செல்லவில்லை. சிற்றுண்டிச்சாலையில் தரை துடைத்தார். ராத்திரி வகுப்பில் படித்து மறுபடி பட்டம் வாங்கினார். 1974-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கார்பீல்டு பள்ளியில் சேர்ந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சாவளியினரான ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். காலையில் பள்ளி திறக்குமுன்னும், மாலையில் விட்ட பின்னும் அவர்களை உட்காரவைத்துக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தார்.

1982-ல் பதினெட்டுப் பேர் பரீட்சை எழுதினார்கள். பதினெட்டுப் பேரும் தேறினார்கள்! பரீட்சை நடத்தியவர்களுக்குச் சந்தேகம் வந்தது. பல விடைத்தாள்களில் ஒரே மாதிரிப் பிழை இருக்கிறதே என்றார்கள். பதினான்கு பேர் மீது காப்பியடித்ததாக ஐயம். வேறு வழியின்றிப் பன்னிரண்டு பேர் ஆகஸ்டு மாதத்தில் புதிய கேள்வித்தாளுக்கு விடை எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் மறுபடி தேறினார்கள். 1988-ல் அது சினிமாவாகவும் வந்தது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாடத்தை இரண்டு தடவை படிக்கக் கூடாதே என்று செய்த ஏற்பாடு இது. அதே ஏற்பாட்டில் ஏழைப் பிள்ளைகள் ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதவேண்டி வந்தது. முன்னவர்களின் அறிவை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர்களுடைய நேரம் வீணாவதுதான் கவலையாக இருந்தது. பின்னவர்களோ தங்களுக்கு அறிவு உண்டு என்பதையே இரண்டு தடவை நிரூபிக்க வேண்டியிருந்தது.

பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கள் நண்பர் இப்போது எங்கே இருக்கிறார், பெரிய தாத்தா?" என்று கேட்டாள்.

ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தான். எவ்வளவு பெரிய பட்டியலானாலும் காகிதமில்லாமல் மனத்திலேயே கூட்டிச் சொல்லுவான். ஒருவரும் அவனைத் திரும்பக் கூட்டிப் பார்க்கச் சொன்னதில்லை.