ஜொகூரில் குடியேறிய ஆர்மோனியம்

கலைக்கு ஜாதி உண்டா என்று கேட்டால், இல்லை என்றே யாவரும் விடை கூறுவர். ஆயினும் தூய்மை, கலப்பு என்னும் வழக்கைக் கோயில் வாயிலோடு நிறுத்திவிடாமல் இசை மேடைக்கும் கொண்டுவந்தவர் நம்மவரே. அவ்வழக்கால் சபைகளில் ஒதுக்கப்பட்ட கருவி ஆர்மோனியம். நாடகப் பாடகர்களின் துணையால் அது கடல் கடந்து சென்று, ஜொகூர் நாட்டின் இசைக்கே தலைமைக் கருவியான வரலாறு நாம் அறியத்தக்கது.

ஆர்மோனியம் என்பது மாதா கோயில்களில் முழங்கும் ஆர்கனுக்கு இளைய உறவு. ஆர்கனில் காற்று பெருங்குழல்களில் புகுந்து ஒலிக்கும். ஆர்மோனியத்திலோ உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலிக்கும். பாரிஸ் நகரத்துத் தெபேன் என்பார் 1842-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் துருத்தியை மிதித்து வாசிக்க வேண்டியிருந்த அக்கருவியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கத்தக்க சிறு பெட்டியாக 1875-ஆம் ஆண்டளவில் ஆக்கித் தந்தவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ்.

பெட்டி சிறிதாயிற்று, அதன் பயணம் பெரிதாயிற்று. பம்பாயிலிருந்து ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் குழுவினர் அதனை உடன் எடுத்துச் சென்றனர். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், பின்வரிசையில் இருப்போர்க்கும் கேட்கும்படி பாட வேண்டிய நடிகனுக்கு உரத்த துணைக்கருவி ஒன்று தேவையாயிருந்தது. தமிழ்நாட்டு இசை நாடகமும் அதனை ஏற்றது. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் உடன்பிறந்தார் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியம் பெரும்புகழ் பெற்றது.

இதே பார்சி நாடகம் மலாய் நாட்டையும் அடைந்தது. பினாங்கில் மாமாக் புஷி என்பவர் 1885-இல் மலாய் மொழியில் நாடகக் குழு ஒன்றை அமைத்தார். பங்சாவான் என்று மலாய்க்காரர் அழைத்த அந்நாடகத்திற்கு ஆங்கிலேயர் 'மலாய் ஆப்பரா' என்று பெயரிட்டனர். மொழி மாறிற்று, பாட்டும் தபேலாவும் ஆர்மோனியமும் மாறவில்லை. பிற்காலத்தில் பியானோவும் மேனாட்டு வாத்தியக் குழுவும் அம்மேடையில் ஏறியபோது ஆர்மோனியம் அங்கே இடமிழந்தது.

அதற்கு நிலைத்த வீடு தந்த நாடு ஜொகூர். ரியாவ் தீவுகளிலும் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவிலும் மலாய்ப் பெருங்குடியினர் சுவைத்துவந்த கஜல் இசை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஜொகூர் பாருவுக்கும் பின்னர் மூவாருக்கும் பரவிற்று. அதற்கு இன்றைய உருவம் தந்தவராக மலாய்க்காரர் போற்றுவது பாக் லோமாக் என்னும் ஹாஜி மூசா பின் யூசோப்பை. வடநாட்டுச் சாரங்கியின் இடத்தில் வயலினையும், சித்தாரின் இடத்தில் அரபு நாட்டு வழியில் வந்த காம்புஸையும் அமர்த்தி, கித்தாரையும் சேர்த்து, ஆர்மோனியத்தையும் தபேலாவையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார் என்பர். பாடப்படுவது மலாய்ப் பாந்துன். பாட்டைத் தொடங்கிவைத்துப் பாடகரைத் தொடர்ந்து செல்வது ஆர்மோனியம். திருமண வீடுகளிலும் விழாக்களிலும் அவ்விசை ஒலித்து வந்திருக்கிறது.

இந்தியாவில் நிகழ்ந்ததோ வேறு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அத்தடை நீடித்தது. தடை வேண்டியோர் கூறிய காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஸ்தாயி ஒன்றுக்குப் பன்னிரண்டு கட்டைகளே உடைய கருவியில், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் பிறவாது. ஆனால் ஒரு குறை உடையது என்பதற்காக ஒன்றை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதுதான் முறையா? ஜொகூர்க்காரர் அதன் பக்கத்தில் வயலினையும் காம்புஸையும் அமர்த்தினர். இழைவதும் குழைவதும் அவற்றின் பணி. தாங்கி நடத்துவது ஆர்மோனியத்தின் பணி என்று வகுத்துக்கொண்டனர். விலக்கத் தெரிந்த நமக்கு இவ்வாறு பங்கிட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர் கண்டதை வங்காளி திருத்தினார், பார்சிக்காரர் சுமந்து சென்றார், மலாய்க்காரர் தமதாக்கிக்கொண்டார். இவர்களை இணைத்தவர்களோ, 'கூத்தாடிகள்' என்று கனவான்கள் இகழ்ந்த மேடைப் பாடகர்களே. ஊர் ஊராக அலைந்த அவர்களில் மிகப் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்யும் நம் மாணவர்க்கு இவர்களின் வரலாறும் பாடமாக வேண்டும். மலேசியத் தமிழ் இளைஞர்கள், தம் பாட்டன்மார் கண்ட நாடகங்களையும் கேட்ட பாடகர்களையும் முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிவைப்பார்களாக. கேட்டுச் சொல்லத்தக்கோர் குறைந்துகொண்டே வருகின்றனர்.