போர்ஷியா மொடிசே: சொவெட்டோ தந்த கால்பந்து வீராங்கனை

பீலே, மாரடோனா ஆகியோரின் பெயர்களை நம் இளைஞர்கள் நன்கறிவர். போர்ஷியா மொடிசே என்னும் பெயரைக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. ஆணாயினும் பெண்ணாயினும், ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே தம் நாட்டிற்காக நூறு கோல்கள் அடித்த முதல் ஆட்டக்காரர் இவரே ஆவார்.

இவர் 1983-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் பிறந்தார். அதன் ஒரு பகுதியாகிய மெடோலேண்ட்ஸ் இவர் வளர்ந்த இடம். சோஃபியாடவுனில் வாழ்ந்த கறுப்பின மக்களை, 1955 பிப்ரவரியில் ஆயுதந்தாங்கிய காவலரைக் கொண்டு லாரிகளில் ஏற்றிவந்து இறக்கிய இடம் இதுவே. காலியான நிலத்தில் வெள்ளையருக்கு வீடுகள் எழுப்பி, ‘வெற்றி’ எனப் பொருள்படும் ட்ரியோம்ஃப் என்ற பெயரையும் சூட்டினர். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்தல் என்பது யாதென நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்து, 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் சென்ற மாணவர்கள் துப்பாக்கிக்கு இரையானதும் இதே சொவெட்டோவில்தான்.

நிறவெறி கால்பந்தாட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1961-இல் தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. அதன்பின் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தார், 1966 உலகக்கோப்பைக்கு வெள்ளையர் மட்டுமுள்ள அணியையும் 1970-க்குக் கறுப்பர் மட்டுமுள்ள அணியையும் அனுப்புவதாகக் கூறினர்! 1976-இல் அந்நாடு அறவே வெளியேற்றப்பட்டு, 1992-இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. பெண்கள் அணி தன் முதல் ஆட்டத்தை 1993 மே 30 அன்று ஆடி, சுவாசிலாந்தைப் பதினான்கு கோல்களால் வென்றது.

மொடிசே 2000-ஆம் ஆண்டில், பதினேழு வயதளவில், அவ்வணியில் இடம்பெற்றார். பின்னர் அதன் தலைவியாகவும் விளங்கினார். டென்மார்க் நாட்டின் ஃபோர்டுனா யோரிங் கழகத்திற்கும் ஆடினார். தாம் பெண்களை விரும்பும் பெண் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அது எளிய துணிவன்று. அவ்வாறே வெளிப்படையாக வாழ்ந்த தேசிய அணி வீராங்கனை யூடி சிமெலானே, 2008 ஏப்ரலில் குவாதேமாவில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு முதல், பயிற்சியாளருடன் ஏற்பட்ட பிணக்கினால் மொடிசே சுமார் நான்கு ஆண்டுகள் நாட்டிற்காக ஆடாதிருந்தார். ஓர் ஆட்டக்காரருக்கு இருபத்தைந்து வயதிற்கு மேற்பட்ட அந்நான்கு ஆண்டுகள் எத்தகைய இழப்பு என்பதை ஆடியவர்கள் அறிவர்.

2012-இல் அவர் திரும்பி வந்தார். அவ்வாண்டு இலண்டன் ஒலிம்பிக்கில்தான் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணி முதன்முறையாக ஒலிம்பிக் ஆட்டத்தில் கலந்துகொண்டது. ஜூலை 25 அன்று கவன்ட்ரி நகரில் சுவீடனுடன் முதல் ஆட்டம். பெருந்தோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், ஆடுகளத்தின் நடுவட்டத்தில் பந்து மொடிசேயின் காலுக்கு வந்தது. கோல்காப்பாளர் முன்னேறி நிற்பதைக் கண்ட அவர், அங்கிருந்தே ஓங்கி உதைத்தார். பந்து காப்பாளரின் தலைக்கு மேலாகச் சென்று வலைக்குள் விழுந்தது. நான்குக்கு ஒன்று எனத் தோற்றபோதிலும், அவர் நாட்டுப் பெண்களின் முதல் ஒலிம்பிக் கோல் அதுவே. அதே போட்டியில் உலகக்கோப்பை வென்றிருந்த ஜப்பானையும் கோலின்றிச் சமநிலையில் நிறுத்தினர்.

நூறாவது கோல் 2014 அக்டோபரில், நமீபியாவில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியில் அல்ஜீரியாவுக்கு எதிராக வந்தது. 124 ஆட்டங்களில் 101 கோல்கள் அடித்த நிலையில், 2015-இல் அவர் ஓய்வு பெற்றார். தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணி உலகக்கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2019-இல்தான். 2022-இல் அவ்வணி மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. 2023 உலகக்கோப்பையில் இத்தாலியைத் தோற்கடித்து இறுதிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயிற்று. மொடிசேயின் 101 கோல்களில் ஒன்றேனும் உலகக்கோப்பையில் அடிக்கப்பட்டதன்று.