குத்தை எண்ணிய கருவிகள்: நடுவரின் கண்ணிலிருந்து மெய்நிகர் கையுறை வரை

தலைக்கவசம் அணிந்து, இரு கைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பிடித்துக்கொண்டு வெற்றுவெளியில் கைவீசும் ஒருவரின் அசைவை, மெய்நிகர் குத்துச்சண்டை விளையாட்டு ‘இது இடக்கை ஜாப்’, ‘இது வலக்கை ஹுக்’ என்று பிரித்தறிகிறது. இதைக் கடந்த பத்தாண்டுகளின் தொழில்நுட்பச் சாதனையாகக் காண்பதே வழக்கம். ஆயினும் இடையறாது நிகழும் உடலசைவில் ஒரு குத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த அசைவைக் குத்தென ஏற்பது, எதைக் கழிப்பது என்னும் வினாக்கள் கணினியைவிடப் பழையவை. பேச்சொலியின் தொடர் ஓட்டத்தை ஒலியன்களாக வெட்டும் மொழியியலாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இத்தகையதே. ஒலியலையில் எல்லைக்கோடுகள் வரையப்பட்டிருப்பதில்லை. கேட்பவரே அவற்றை வரைகிறார். குத்தின் எல்லைகளை யார், எந்தக் கருவிகொண்டு வரைந்தனர் என்பதன் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகத் தொகுக்கிறது.

1. சொல் வரையும் எல்லை

முதற்கருவி மொழியே. தமிழில் ‘குத்து’ என்னும் வினை முட்டியால் தாக்குவதையும், கத்தியால் துளைப்பதையும், முள் தைப்பதையும், உலக்கையால் நெல்லின் உமி நீக்குவதையும் ஒருங்கே சுட்டும். விரித்த கை கன்னத்தில் பட்டால் அது ‘அறை’. மடக்கிய விரல்களின் கணு தலையில் பட்டால் ‘குட்டு’. மலையாளம் இதே வெளியை வேறுவகையாகப் பங்கிடுகிறது. அங்கு முட்டியால் தாக்குவது பெரும்பாலும் ‘இடி’. ‘குத்து’ என்றவுடன் கத்தியோ முள்ளோ முதலில் நினைவுக்கு வரும். தமிழில் ‘இடி’ என்பதோ மோதுவதையும் உரலிலிட்டுப் பொடியாக்குவதையும் குறிக்கும். எலப்புள்ளி போன்ற பாலக்காட்டுக் கிழக்கெல்லை ஊர்களில் இருமொழியும் புழங்குவோர், ஒரே அசைவுக்கு இரண்டு வகைப்பாடுகளை அன்றாடம் கையாள்கின்றனர்.

அதே மாவட்டத்தின் பல்லசேனாவில் ஓணக்காலத்தில் நிகழும் ‘ஓணத்தல்லு’ இன்னும் தெளிவான சான்று. அதில் விரித்த உள்ளங்கையால் அடிப்பதே முறை. முட்டி மடக்கிக் குத்துவதும் காலால் உதைப்பதும் விலக்கப்பட்டவை. ஓண நன்னாளில் வீரர் பொருதும் காட்சி மதுரைக்காஞ்சியிலும் இடம்பெறுவதால், இவ்வகைப் போட்டியின் தொன்மையைப் பேசுவோர் அந்நூலைச் சுட்டுவதுண்டு. ஓணத்தல்லில் எது அடியாகுமோ அது குத்துச்சண்டை மேடையில் விதிமீறல். மேடையில் எது புள்ளியாகுமோ அது ஓணத்தல்லில் தவறு. உடல் ஒன்றே, விதி மாறும்போது அசைவின் பெயரும் மதிப்பும் மாறுகின்றன.

2. கண்ணும் பொத்தானும்

நவீனக் குத்துச்சண்டையின் அடித்தளமான குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வெளியாயின. பின்னர் வளர்ந்த அமெச்சூர் விதிமுறை, புள்ளிக்குரிய குத்துக்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தது. மூடிய கையுறையின் கணுப்பகுதி படவேண்டும். தலையின் அல்லது இடுப்புக்கு மேற்பட்ட உடலின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ படவேண்டும். எதிராளியின் தடுப்பில் சிக்காமல் நேரே சென்று சேரவேண்டும். தோளின் அல்லது உடலின் எடை அதன் பின்னே இருக்கவேண்டும். படும் பரப்பு, இலக்கு, தடையின்மை, எடை என இவற்றைச் சுருக்கலாம். பின்வந்த ஒவ்வொரு கருவியும் இந்நான்கில் எவற்றைக் கண்டது, எவற்றைக் காணத் தவறியது என்பதே இவ்வரலாற்றின் உள்ளடக்கம்.

1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குத்துச்சண்டையில் கணினிவழி எண்ணிக்கை அறிமுகமானது. பின்னாளில் ‘கம்ப்யூபாக்ஸ்’ என அறியப்பட்ட இம்முறையில் இருவர் மேடையருகே அமர்வர். ஆளுக்கொரு வீரரைக் கவனிப்பர். பட்ட ஜாப், படாத ஜாப், பட்ட வலுக்குத்து, படாத வலுக்குத்து என நான்கு விசைகள் மட்டுமே இருந்தன. ஜாப் தவிர்ந்த அனைத்தும், ஹுக்கும் கிராஸும் அப்பர்கட்டும், ‘வலுக்குத்து’ என்னும் ஒரே கூடைக்குள் வீழ்ந்தன. மனித விரல் தவறின்றி அழுத்தக்கூடிய விசைகளின் எண்ணிக்கையே வகைப்பாட்டின் எல்லையாயிற்று.

இவ்வெண்ணிக்கையின் அரசியல் முக்கியத்துவம் 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. லைட் மிடில்வெயிட் இறுதிப்போட்டியில் ராய் ஜோன்ஸ் ஜூனியர் 86 குத்துகளையும், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 குத்துகளையும் இலக்கில் சேர்த்ததாகக் கணக்கிடப்பட்டது. நடுவர்கள் 3–2 என்ற பிரிவில் பார்க்கிற்குத் தங்கம் வழங்கினர். எழுந்த கண்டனத்தின் பின்னணியில், 1992 பார்சிலோனாவில் மின்னணுப் புள்ளிமுறை ஒலிம்பிக் மேடைக்கு வந்தது. ஐந்து நடுவர்களுக்கும் சிவப்பு, நீலப் பொத்தான்கள் தரப்பட்டன. குறைந்தது மூவர் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் ஒரே பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி பதிவாகும்.

இம்முறை சார்புநிலையைக் குறைக்க வந்தது. ஆனால் குத்தின் வரையறையையே மாற்றிவிட்டது. மூவர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியும் தூரத்துத் தலைக்குத்துகள் புள்ளியாயின. நெருங்கி நின்று விலாவில் விடும் குத்துகளும், வேகமாக அடுக்கிவிடும் தொடர்க்குத்துகளும் பெரும்பாலும் பதிவாகவில்லை. வீரர்கள் விரைந்து கற்றனர்: ஒரு தெளிவான குத்து, பிறகு விலகல், பிறகு தற்காப்பு. விதியின் நான்கு நிபந்தனைகளுடன் எழுதப்படாத ஐந்தாவது ஒன்றாகப் ‘பளிச்செனத் தெரிதல்’ சேர்ந்துகொண்டது.

இந்திய வாசகருக்கு இதன் விளைவு நேரடியாகத் தெரிந்தது 2012 லண்டனில். விகாஸ் கிருஷ்ணன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13–11 என வென்றதாக மேடையில் அறிவிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், மூன்றாம் சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்து நிறுத்தியதாகவும், இரண்டாம் சுற்றில் பற்கவசத்தை வேண்டுமென்றே உமிழ்ந்ததாகவும் முடிவுசெய்யப்பட்டது. எச்சரிக்கைகள் வழங்கப்பட்டிருந்தால் ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளிகள் சேர்ந்திருக்கும் என்று கூறி முடிவு 13–15 எனத் திருத்தப்பட்டது. குத்துகளைப் பொத்தான்கள் எண்ணின. பிடிப்புகளை எண்ண அவற்றுக்கு வழியில்லை. எண்ணப்படாதது பின்கதவு வழியே திரும்பிவந்து, எண்ணப்பட்டதைத் தோற்கடித்தது. 2013இல் அமெச்சூர் குத்துச்சண்டை பொத்தான்களைக் கைவிட்டு, சுற்றுக்குப் பத்துப் புள்ளி வழங்கும் மதிப்பீட்டு முறைக்குத் திரும்பியது.

3. வீட்டுக்குள் வந்த கையுறை

விளையாட்டுக் கருவிகளின் கிளை தனியே வளர்ந்தது. 1976இல் சேகா வெளியிட்ட ‘ஹெவிவெயிட் சாம்ப்’ என்னும் காசுபோட்டு ஆடும் எந்திரத்தில், குத்துச்சண்டைக் கையுறை வடிவக் கைப்பிடிகள் இருந்தன. மேலே உயர்த்தினால் தலைக்குக் குத்து, தாழ்த்தினால் உடலுக்குக் குத்து. உள்ளே தள்ளினால் அடி. இங்கு வகைப்படுத்தும் சிக்கலே எழவில்லை. எந்திரம் அனுமதித்த அசைவுகள் மட்டுமே சாத்தியமாயின.

1989இல் வந்த ‘பவர் குளோவ்’ கையை ஓரளவு விடுவித்தது. கையுறையிலிருந்து எழும் மீயொலியைத் தொலைக்காட்சியைச் சுற்றிப் பொருத்திய மூன்று ஏற்பிகள் வாங்கி, அது வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு கையின் இடத்தைக் கணித்தன. 2006இன் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ வேறுவழி கண்டது. கைக்கருவிக்குள் இருந்த முடுக்கமானி ஏறத்தாழ மூன்று மடங்கு புவியீர்ப்பு வரையிலான முடுக்கத்தையே அளக்கும். வேகமான குத்து அந்த எல்லையை எளிதில் தாண்டும். மேலும், முடுக்கமானியால் தனித்து நின்று புவியீர்ப்பையும் கையின் அசைவையும் பிரித்துணர இயலாது. எனவே தோளிலிருந்து எழுந்த குத்தும் மணிக்கட்டின் சிறு உதறலும் ஒன்றாகவே மதிக்கப்பட்டன. ஆடுவோர் பலர் இருக்கையில் அமர்ந்தவாறே கையை உதறி வெல்லக் கற்றதில் வியப்பில்லை. 2010இன் ‘கினெக்ட்’ முழு உடலையும் ஆழப்படக் கருவியால் கண்டது; ஆனால் வினாடிக்கு 30 சட்டகங்களே அதற்குக் கிடைத்தன. வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் செல்லும் கை, ஒரு சட்டகத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும்.

4. மெய்நிகர் மேடை

2016இல் எச்டிசி வைவ், ஆக்குலஸ் ரிஃப்ட் ஆகிய தலைக்கவசங்கள் சந்தைக்கு வந்தபோது இரண்டு அளவீட்டு மரபுகள் இணைந்தன. கைக்கருவிக்குள் உள்ள முடுக்கமானியும் சுழல்மானியும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைவை அளக்கின்றன. ஆனால் முடுக்கத்திலிருந்து இடத்தைப் பெற இருமுறை தொகையிட வேண்டும். மிகச்சிறு பிழையும் காலத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். அதனால் வெளிச்சான்று ஒன்று அவ்வப்போது இடத்தைத் திருத்தவேண்டும். வைவில் அறையின் மூலைகளில் சுழலும் லேசர்கள் அப்பணியைச் செய்தன. 2019இன் ஆக்குலஸ் குவெஸ்டில், தலைக்கவசத்திலேயே பொருத்திய நான்கு கேமராக்கள் கைக்கருவியின் அகச்சிவப்பு விளக்குகளைக் கண்டு திருத்தின. கேமராவின் பார்வைக்கு அப்பால், தோளுக்குப் பின்னே, ஹுக்கிற்காகக் கை ஓங்கப்படும் கணத்தில் கருவி ஊகத்தையே நம்புகிறது.

இடம் தெரிந்தபின் குத்தைக் கண்டறியும் பணி தொடங்குகிறது. பொதுவான முறையில், கையின் வேகம் ஒரு வரம்பைத் தாண்டும்போது குத்து தொடங்கியதாகவும், வேகம் தணியும்போது முடிந்ததாகவும் கொள்ளப்படும். திரையின் புதுப்பிப்பு வினாடிக்கு 90 எனில், மேற்சொன்ன கை ஒரு சட்டகத்தில் 10 சென்டிமீட்டர் நகரும். ஆகவே கையுறை இருக்கும் புள்ளியை மட்டும் சோதித்தால் மெல்லிய இலக்கை அது ஊடுருவிச் சென்றுவிடக்கூடும். இரு புள்ளிகளுக்கிடையே கடந்த பாதை முழுவதையும் சோதிக்கவேண்டும். ஒரே குத்து இருமுறை எண்ணப்படாதிருக்க, கை பின்வாங்கும்வரை அடுத்த பதிவு நிறுத்திவைக்கப்படும்.

வகைப்படுத்தலுக்குத் தலையின் திசையே அச்சு. பாதை முன்னோக்கி நேராகச் சென்றால் நேர்க்குத்து. பக்கவாட்டில் வளைந்தால் ஹுக். கீழிருந்து மேலெழுந்தால் அப்பர்கட். ஜாப், கிராஸ் என்னும் வேறுபாடோ பாதையில் இல்லை; எந்தக் கால் முன்னிற்கிறது என்பதில் இருக்கிறது. வழக்கமான கருவித்தொகுதி தலையையும் இரு கைகளையும் மட்டுமே காண்பதால், நிற்கும் முறையை ஆடுபவர் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அல்லது கணினி அனுமானிக்கவேண்டும்.

இனி நான்கு நிபந்தனைகளுக்கு வருவோம். படும் பரப்பைக் கைக்கருவியின் சாய்வால் ஓரளவு அறியலாம். இலக்கையும் தடையின்மையையும் மெய்நிகர் உருவங்களின் மோதலால் துல்லியமாக அறியலாம். எடையை மட்டும் அறிய வழியில்லை. காற்றில் வீசப்படும் கை எதையும் சந்திப்பதில்லை. இடுப்பின் சுழற்சியும் பாதத்தின் உந்தலும் பதிவாவதில்லை. எனவே எடையின் இடத்தில் வேகம் அமர்த்தப்பட்டது. இயன் ஃபிட்ஸ் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ‘த த்ரில் ஆஃப் த ஃபைட்’, கையின் வேகத்தையும் பட்ட இடத்தையும் கொண்டு பாதிப்பைக் கணித்தது. 2018இல் சர்வியோஸ் வெளியிட்ட ‘கிரீட்: ரைஸ் டு குளோரி’ மறுகோடியிலிருந்து அணுகியது. அதில் ஆடுபவர் இடைவிடாது கைவீசிச் சோர்வுற்றதாகக் கணிக்கப்பட்டால், மெய்நிகர்க் கை உண்மைக் கையைப் பின்தொடர மறுத்துத் தளர்ந்து நகரும். 2017இன் ‘பாக்ஸ்விஆர்’ உடற்பயிற்சியை நோக்கமாகக் கொண்டதால் சிக்கலையே சுருக்கியது: இன்ன கணத்தில் இன்ன குத்து என்று இசையோடு ஆணையிட்டு, அது நிகழ்ந்ததா என்று மட்டும் சரிபார்த்தது.

5. பெயரிடும் அதிகாரம்

இன்று வேகவரம்பு விதிகளின் இடத்திற்கு எந்திரக் கற்றல் வந்துகொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான அசைவுப் பதிவுகளுக்கு மனிதர் பெயரிட, அப்பெயர்களைக் கணினி கற்கிறது. விதி மறைந்துவிட்டதாகத் தோன்றினாலும், அது பெயரிட்டவரின் கண்ணுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. பயிற்சிப் பதிவுகளில் இடக்கையர் குறைவெனில், அவர்களது குத்து தவறாகப் பெயர்பெறும். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவரின் தோள்வீச்சு, நிற்பவரின் அளவுகோலால் ‘வலுவற்றது’ எனக் கழிக்கப்படலாம். சியோலில் மூவர் செய்த பிழையை அரங்கமே கண்டது, கண்டனமும் எழுந்தது. தலைக்கவசத்தினுள் நிகழும் பிழைக்குச் சாட்சி ஆடுபவர் ஒருவரே. அவரும் பெரும்பாலும் தம் உடலையே குறைசொல்லி, கருவிக்கேற்ப அதைத் திருத்திக்கொள்வார்.

மொழி ஆய்வாளருக்கு இதில் ஒரு கடமை உண்டு. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் தமிழ்நாட்டுக் குத்துச்சண்டையின் அறியப்பட்ட மரபுகள். 1994 பாங்காக் உலகக்கோப்பையில் வெண்கலம் வென்ற வெ. தேவராஜன் சென்னையிலிருந்து எழுந்தவர். அப்பயிற்சிக் களங்களில் ஒரு குத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கப் புழங்கும் சொற்களும், ஓணத்தல்லுக் களத்தில் முறையான அடியைத் தவறான அடியிலிருந்து பிரிக்கும் சொற்களும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. எடை, தடுப்பு, ஏமாற்று, பின்வாங்கல் ஆகியவற்றைப் பயிற்றுநர் எப்படிக் காண்கிறார் என்பது அச்சொற்களில் பொதிந்திருக்கிறது. நான்கு விசைகளுக்குள்ளும் இரண்டு பொத்தான்களுக்குள்ளும் மூன்று புள்ளிகளுக்குள்ளும் அடங்காமல் வெளியே நின்றவை, அச்சொற்களின் வழியாகவே அடுத்த கருவியின் வகைப்பாட்டுக்குள் நுழைய இயலும்.