சர்ப்பகந்தா வேர் சொல்லித் தந்த பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம், என்னிடம் படித்த பெண் ஒருத்தி தி.நகரிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். டிப்ரஷனுக்கு, அதாவது மனச்சோர்வுக்கு, எட்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவள். “டீச்சர், அதெல்லாம் விட்டுட்டேன். நாட்டு மருந்துக் கடையில அமுக்கரா பொடி வாங்கிப் பால்ல போட்டுக் குடிக்கிறேன். மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது” என்றாள். சொல்லும்போதே அவள் கை நடுங்கியது. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லையாம்.

அன்று அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான்.

மயிலாப்பூருக்கு மூலிகை புதிதல்ல. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-ல் இங்கே வெங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையைத் தொடங்கினார். 1921-ல் சென்னை மாகாண அரசு, நாட்டு வைத்தியத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. ஸ்ரீனிவாசமூர்த்தி. ஆங்கில மருத்துவம் படித்தவர். அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். நம் வைத்தியத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. உண்டு என்றது குழு. 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அவரே அதன் முதல்வரானார்.

ஆனால், ஒரு மூலிகை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று காட்டினால்தானே உலகம் ஒப்புக்கொள்ளும்? அப்படி முதலில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த வேர்களில் ஒன்று சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்து வந்த வேர். பீகார் பக்கம் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே பெயர் சொல்லி விற்றார்கள்.

1931-ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் மனநோயின் கொந்தளிப்பையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயர் வைத்தார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல், ரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். வெளிநாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ‘ரிசர்பின்’ பிரிக்கப்பட்டது. 1954-ல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் என்று அறிவித்தார்.

பெருமையாக இருக்கிறது அல்லவா? இனிதான் பாடமே.

ரத்தக் கொதிப்புக்காக ரிசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து போனார்கள். பேச்சு குறைந்தது. வாழவே பிடிக்கவில்லை என்றார்கள். 1970-களில் எங்கள் அப்பாவும் அந்த மருந்து கலந்த மாத்திரைதான் சாப்பிட்டார். தினமும் மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, வழியில் பார்ப்பவர்களிடம் எல்லாம் பேசிவிட்டு வருபவர். சில மாதங்களில் செருப்பை மாட்டுவதே நின்றுபோனது. சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். “ரிடையர் ஆயிட்டாரில்ல, அப்படித்தான் இருக்கும்” என்று எல்லோரும் சொன்னோம். வேறொரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சில வாரங்களில் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த மாத்திரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அம்மா கடைசிவரை அப்படித்தான் நம்பினாள்.

ஏன் அப்படி என்ற விடை அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் கிடைத்தது. மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பேச செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் போன்ற தூதுப்பொருள்கள் உண்டு. தபால்காரரின் பை கிழிந்தால் கடிதம் எப்படி வந்து சேரும்? ரிசர்பின் அந்தப் பையைக் கிழிப்பதுபோல, தூதுப்பொருளைச் சேமிக்க விடாமல் செய்கிறது. 1955-ல் பெர்னார்ட் பிராடியின் குழு செரோட்டோனின் விஷயத்தில் இதைக் காட்டியது. 1957-ல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரிசர்பினால் துவண்டு கிடந்த முயல்களை எல்-டோபா கொடுத்து எழுப்பினார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது அதிலிருந்துதான். 2000-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தூதுப்பொருள் குறைந்தால் மனம் சோரும், அதைக் கூட்டினால் தேறும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பட்டது. ஆனால் கதை அவ்வளவு நேர்கோடு அல்ல. அதே 1955-ல் லண்டனில் மைக்கேல் ஷெப்பர்டும் டேவிஸும் நடத்திய சோதனையில், பதற்றமும் சோர்வும் கொண்டவர்களுக்கு ரிசர்பின் நன்மையே செய்தது! ஒரே வேர், ஒருவருக்கு ஒரு விதம், மற்றவருக்கு வேறு விதம்.

இன்று ஆய்வாளர்கள் கவனிக்கும் இன்னொரு இடம் உடம்பின் அழுத்த அமைப்பு. அதை உங்கள் வீட்டு மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். கவலை வந்தால் மூளையின் ஹைபோதாலமஸ் சுவிட்சைப் போடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி அதைச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது. அங்கிருந்து கார்டிசால் பாய்கிறது. மாடித் தொட்டி நிரம்பியதும் மிதவை மோட்டாரை நிறுத்துவதுபோல, கார்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளை சுவிட்சை அணைக்க வேண்டும். மனச்சோர்வு உள்ள பலருக்கு இந்த மிதவை சரியாக வேலை செய்வதில்லை. தொட்டி வழிந்துகொண்டே இருக்கிறது. தூக்கம், பசி, ஞாபகம் எல்லாம் கெடுகின்றன.

அமுக்கராவின் பெயர் அடிபடுவது இங்கேதான். 2012-ல் ஹைதராபாத்தில் 64 பேரிடம் 60 நாள் நடந்த சோதனையில், அமுக்கரா வேர்ச்சாறு சாப்பிட்டவர்களுக்குக் கார்டிசால் குறைந்தது, அழுத்தமும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள். அவர்கள் நாட்பட்ட மன அழுத்தம் உள்ளவர்கள். மனச்சோர்வு நோயாளிகள் அல்ல. கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த சாறு, கடைப்பொடி அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை. அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நம் முன்னோர் மூலிகையைச் சாதாரணமாக நினைக்கவில்லை. அளவு, பத்தியம், எத்தனை நாள் என்று எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள். “ஒண்ணும் பண்ணாது” என்றால் அது மருந்தே இல்லை. மனதைத் தேற்றும் வலிமை அதற்கு உண்டென்றால், மனதைச் சாய்க்கும் வலிமையும் இருக்கலாம். சர்ப்பகந்தா சொல்லித் தந்த பாடம் இதுதான்.

அந்தப் பெண் மறுநாளே கணவரோடு தன் டாக்டரிடம் போனாள். பொடி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லையாம். பொடியை நிறுத்தச் சொல்லி, மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, பிற்பாடு எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்றும் விளக்கினாராம். முந்தாநாள் போன் செய்து, “நல்லாத் தூங்கறேன் டீச்சர்” என்றாள்.

உங்கள் வீட்டில் யாராவது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், “வயசாச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். என்ன மாத்திரை, என்ன பொடி சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மனஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்