ஔவை நோன்பும் தாய்வழிக் கையளிப்பும்

தென்மாவட்டங்களில், சிறப்பாக நாஞ்சில் நாட்டில், ஆடி, தை, மாசி மாதச் செவ்வாய்க்கிழமை இரவுகளில் பெண்கள் கூடி ஔவையார் நோன்பு எடுப்பர். செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் இதைச் சொல்வதுண்டு. வீட்டு ஆண்கள் உறங்கிய பிறகே நோன்பு தொடங்கும். பச்சரிசி மாவில் உப்பிடாமல் பல வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவிப்பர்; மூத்தவள் ஒருத்தி ஔவை கதை சொல்வாள். படைத்ததை விடிவதற்குள் பெண்களே உண்டு தீர்க்க வேண்டும். ஆண்குழந்தையின் கண்ணில்கூடப் படக் கூடாது.

இதை வளமைச் சடங்கின் எச்சமாகக் காண்பது பிழையன்று. ஆனால் ஏட்டின் துணையோ பூசகரின் துணையோ இல்லாத ஒரு வழிபாடு தலைமுறைகளைக் கடந்தது எப்படி என்பதற்கு அதில் விடையில்லை. ஆண்விலக்கே அந்த விடை என்பது என் வாதம். கோயிலில் ஓதுவார் இருக்கிறார். குடும்பத்தார் மறந்தாலும் பதிகம் மறையாது. ஔவை கதையை அப்படி எந்த ஓதுவாரிடமும் வில்லுப்பாட்டுக்காரரிடமும் ஒப்படைக்க முடியாது. எனவே தெருவுக்கு ஒருத்தியாவது அதை முழுதும் அறிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின் சொல்லப்போகிறவள் இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைய வேண்டும். மறைத்து வைத்தால் ஒன்று அருகிப்போகும் என்றே எண்ணுவோம். இங்கே மறைப்புதான் கற்றாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குகிறது.

இக்கையளிப்பு குருதிவழியில் மட்டும் நிகழ்வதுமில்லை. தாயிடம் கற்றவள் புகுந்த வீட்டில் மாமியாரோடும் ஓரகத்திகளோடும் நோன்பு எடுக்கிறாள். அவள் கொண்டுவந்த கதையும் அங்குள்ள கதையும் ஒத்திருக்க வேண்டியதில்லை; மகளுக்கு அவள் சொல்வது இரண்டும் கலந்த ஒன்றாகிவிடலாம். கதை ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கு இது முதன்மைக் காரணம் எனக் கருதுகிறேன்.

வேண்டுதலெல்லாம் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தானுக்கும்தானே, இதில் பெண்ணின் உரிமை எங்கே என்ற மறுப்பு வலுவானது. நோன்பு குடும்ப அமைப்பைத் தாங்கி நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆயினும் வேண்டிக்கொள்ளும் அதிகாரத்தைப் பெண்கள் எந்த ஆணிடமிருந்தும் பெறவில்லை. அதோடு, மணவாழ்வு வேண்டாமெனப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டுப் பெற்றவளாகவே ஔவையை மரபு சொல்கிறது. குடும்ப நலத்துக்கான நோன்பில் குடும்பம் நடத்தாத ஒருத்தியை முன்னிறுத்துவது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று நோன்புக் கதை அச்சிலும் காணொளியிலும் கிடைக்கிறது. கதை அழியாது என்று இதில் ஆறுதல் கொள்வோர் உண்டு. எனக்கு அது கவலையே தருகிறது. ஒரே வடிவம் எல்லா வீட்டுக்கும் போதுமென்று ஆகிவிட்டால், கதை சொல்லும் மூத்தவளுக்கு வேலையில்லை. அவள் பக்கத்தில் சிறுமி உட்காரவும் தேவையில்லை. அந்நிலை வருமுன், பெண் களப்பணியாளர்கள் எந்தக் கதையை யார் யாரிடம் கற்றார் என்ற வரிசையோடு இக்கதைகளை விரைந்து பதிய வேண்டும். பதிந்ததை வெளியிடலாமா என்பதை நோன்பு எடுக்கும் பெண்களே முடிவு செய்யட்டும்.