தலைக்காடு: மணல் மூடிய தலைநகரம்

மைசூருக்கு விருந்தினராய் வருவோர் நம்மவரிடம் வினவும் வினாக்கள் இரண்டே. எங்கே உண்பது, எதைக் காண்பது என்பனவே அவை. நாமும் வழக்கமான விடையைச் சொல்லிவிடுகிறோம். காண்பதற்கு அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிச் சாலை, பிருந்தாவனம். உண்பதற்கு நஜர்பாத்தில் மைலாரி தோசை. சயாஜிராவ் வீதியில் மைசூர்ப்பாகு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பர் அதனை முதன்முதல் செய்தார் என்பர். விருந்தினர் உண்டு, கண்டு, மகிழ்ந்து ஊர் திரும்புவர்.

ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகள் சென்ற ஆண்டு இவ்விடையில் நிறைவு கொள்ளவில்லை. ஜெய்சால்மர் நகரின் படத்தை ஏதோ ஒரு புத்தகத்தில் கண்டுவிட்டு, "அப்பா, மணலுக்கு நடுவே இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும்" என்று பிடிவாதம் செய்தாள். இரயில்வே எழுத்தருக்குப் பயண அனுமதிச் சீட்டு கிடைக்கும். விடுப்புக் கிடைப்பதுதான் அரிது. ஆதலின், "இராஜஸ்தானம் எதற்கு அம்மா? ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் நமக்கே ஒரு மணல் நகரம் உண்டு" என்று கூறித் தலைக்காட்டிற்கு அழைத்துச் சென்றேன். அப்பயணத்தில் அவள் கேட்ட கேள்வி ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நான் வரலாற்றறிஞன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறியவன். குற்றங் காணின் பொறுத்தருள்க.

தலைக்காட்டிற்கு இரயில் பாதை இல்லை. மைசூரிலிருந்து விடியற்காலையிற் பேருந்தேறித் திருமகூடலு நரசீபுரத்தில் இறங்குதல் நன்று. காவிரியும் கபினியும் கூடும் இடம் அது. 1989 முதல் அங்குக் கும்பமேளாவும் நடைபெற்று வருகிறது. இட்டிலி, வடை, சித்ரான்னம் ஆகிய சிற்றுண்டியை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நண்பகலுக்குப் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிச் செல்வது உத்தமம். இராகிக் களியும் சாறும் விரும்புவோர் வழியில் விசாரித்து உண்ணலாம். வண்டி வைத்துச் செல்வோர் பன்னூர் வழியாகச் சென்றால், 1268-இல் எழுந்த சோமநாதபுரம் கேசவர் கோயிலையும் கண்டு செல்லலாம். வெயில் ஏறுமுன் மணலைக் கடந்துவிடுவது நல்லது. உச்சிப் போதில் வெறுங்கால் வைத்தவர் மறுமுறை வையார்!

ஜெய்சால்மருக்கும் தலைக்காட்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1156-இல் பாலையின் நடுவே கட்டப்பட்டது ஜெய்சால்மர். மணலை நாடி மக்கள் சென்றனர். இங்கோ, மக்கள் வாழ்ந்த நகரை நாடி மணல் வந்தது. கோலாரை முதற் தலைநகராகக் கொண்டிருந்த மேலைக் கங்கர், பின்னர்க் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டைத் தலைநகராக்கிப் பல நூற்றாண்டுகள் ஆண்டனர். தலா, காடா என்னும் வேடர் இருவர் ஒரு மரத்தைக் கோடரியால் வெட்ட, அதிலிருந்து குருதி பெருகியதென்றும், அம்மரத்தின் இலையையும் பூவையுமே மருந்தாய் இட்டுக் குணப்படுத்துமாறு அசரீரி கூறியதென்றும் தலபுராணம் சொல்லும். தனக்குத் தானே வைத்தியம் செய்துகொண்ட இறைவன் வைத்தியேசுவரர் ஆனார். வேடர் பெயரால் ஊரும் பெயர் பெற்றது.

1004-ஆம் ஆண்டளவில் சோழர் படை தலைக்காட்டைக் கைப்பற்றிற்று. ஊர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. கங்கபாடி நாடு முடிகொண்ட சோழ மண்டலமாயிற்று. நூறாண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. பின்பு 1116-இல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனுடைய தண்டநாயகன் கங்கராஜன், சோழரின் கீழிருந்த அதியமானை வென்று ஊரை மீட்டான். மன்னன் 'தலைக்காடு கொண்டவன்' என்னும் விருதுப் பெயர் புனைந்து, மறு ஆண்டில் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான்.

பெயர் மாற்றம் எங்கள் துறையினருக்குப் புதிதன்று. 2014 நவம்பர் 1 முதல் 'மைசூர்' சட்டப்படி 'மைசூரு' ஆயிற்று. ஆயினும் உள்ளூர்க் கன்னடியர் நாவில் அது என்றுமே மைசூருதான். இராசராசபுரமும் அவ்வாறே. அரசர் இட்ட பெயர் கல்லில் தங்கிற்று. வேடர் பெயரே மக்கள் நாவில் நின்றது.

இவ்வரலாற்றைச் சொல்லிக்கொண்டே நடக்கையில், "நம் சோழர் வென்ற ஊர் அம்மா இது!" என்று சற்றே பெருமிதத்துடன் கூறிவிட்டேன். மகள் நின்று திரும்பி, "அப்படியானால் என் வகுப்புத் தோழியின் ஊரை நாம் பிடுங்கிக்கொண்டோமா? இது நம் ஊரா, அவர்கள் ஊரா?" என்று கேட்டாள். அவள் பிறந்ததும் பயில்வதும் மைசூரில். அவள் தோழி கன்னடப் பெண். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. கோயில்களைப் பார்ப்போம் என்று பேச்சை மாற்றினேன்.

பாதாளேசுவரர், மருளேசுவரர் கோயில்கள் மணல் மட்டத்திற்குக் கீழே பள்ளத்தில் உள்ளன; படியிறங்கித்தான் காணவேண்டும். வைத்தியேசுவரர், அர்க்கேசுவரர், முடுக்குத்தொரை மலைமேலுள்ள மல்லிகார்ஜுனர் ஆகியோரையும் சேர்த்து ஐந்து இலிங்கங்கள். கார்த்திகை மாதத்தில் நாளும் கோளும் கூடிவரும் அபூர்வ ஆண்டுகளிற் பஞ்சலிங்க தரிசனம் நிகழும். 2020 டிசம்பரில் அது நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர், மணல் மேடு ஏறக்குறைய ஒரு மைல் நீளமுடையதென்றும், ஆண்டிற்கு 9 அல்லது 10 அடி வீதம் ஊரை நோக்கி முன்னேறி வந்ததென்றும், முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் அதனுள் புதைந்துள்ளன என்றும் குறித்துள்ளார். குடியானவர் வீடுகளைக் கைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருந்தனராம்.

மணல் வந்த காரணம் யாது? ஊரார் சொல்வது அலமேலம்மாள் சாபம். 1610-இல் மைசூர் இராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்டபோது, அங்கு விஜயநகரப் பிரதிநிதியாயிருந்த திருமலராயர் தலைக்காட்டுப் பக்கம் வந்து மாண்டார். அரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தும் அணிகலன்கள் அவர் மனைவி அலமேலம்மாளிடம் இருந்தன. அவற்றை வாங்கி வர அரசர் ஆள் விடுக்க, அவ்வம்மையார் தலைக்காடு மணலாகுக, மாலங்கி மடுவாகுக, மைசூர் அரசர்க்குப் பிள்ளைப்பேறு இல்லாதொழிக என்று சபித்துக் காவிரியிற் பாய்ந்து உயிர் நீத்தார் என்பது கதை. அரண்மனையார் அவர் உருவத்தை இன்றும் வழிபடுகின்றனர்.

சுவீகாரம் வந்த பத்தாம் சாமராஜேந்திர உடையாருக்குப் பிள்ளைகள் பிறந்தனர்; அவர் மகன் நான்காம் கிருஷ்ணராஜருக்கு மகவில்லாமையால் 1940-இல் தம்பி மகன் பட்டமேறினார். 2013-இல் மறைந்த ஸ்ரீகண்டதத்தருக்கும் மகவில்லை. 2015-இல் சுவீகாரமாக வந்த யதுவீரருக்கு 2017-இல் ஆண்மகவு பிறந்தது. ஆகவே சாபம் சில தலைமுறையில் பலித்தது, சில தலைமுறையிற் பலிக்கவில்லை என்றே கணக்கு வருகிறது.

மணலுக்கு இயற்கைக் காரணமும் சொல்வர். காவிரி இவ்வூரருகே வளைந்து செல்கிறது. கோடையில் நீர் வற்ற, ஆற்றுப்படுகை மணல் வெளிப்படும். தென்மேற்குக் காற்று அதனை அள்ளிக் கரையிலுள்ள ஊரின்மேற் கொட்டும். விஜயநகரக் காலத்தில் மாதவ மந்திரி கட்டிய அணைக்கட்டு ஆற்றின் போக்கை மாற்றி, இதனை மிகுவித்தது என்று ஆராய்வோர் சிலர் கருதுகின்றனர். நீரைத் தேக்கியவர் நல்லெண்ணத்தோடுதான் தேக்கினார். அதன் பயனும் பழியும் பின்வந்தோர்க்கு ஆயின. ஒரு சொல் எச்சரிக்கை: மாலங்கி மடு கதையாயினும், இப்பகுதியில் ஆற்றின் சுழல் மெய். நீந்தத் தெரிந்தோரும் ஆழத்தில் இறங்கலாகாது.

கரையிலமர்ந்து கட்டுச்சோறு உண்கையில் மகள் தன் கேள்வியை மறக்கவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொன்னேன். நாம் பள்ளியிற் கற்ற நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றக் காரணமாயிருந்தவன் சீயகங்கன். கோலாரைத் தம் பூர்வீகமாகச் சொல்லிக்கொண்ட கங்கர் குடியினன் அவன். கங்க அமைச்சர் சாமுண்டராயர் சிரவணபெளகொளத்தில் எழுப்பிய கோமடேசுவரரின் திருவடியருகே, அதனைச் செய்வித்தவர் அவரே என்னும் செய்தி கன்னடத்தில் மட்டுமன்றித் தமிழிலும் வெட்டப்பட்டுள்ளது. தமிழகத்திலிருந்து வந்த இராமாநுசருக்கு மேலுக்கோட்டை இடமளித்தது. தலைக்காட்டிற்கு அப்பாலுள்ள சிவனசமுத்திரத்தில் 1902-இல் எடுத்த மின்சாரம், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கவயலுக்கே முதலிற் சென்றது. "வாளால் வந்தவர் போய்விட்டனர் அம்மா. எழுத்தாலும் உழைப்பாலும் வந்தவர் தங்கினர். பிடுங்கியது உன் தோழிக்கும் உனக்கும் உரியதன்று, இந்த எழுத்து இருவருக்கும் உரியது" என்றேன். அவள் முழுதும் ஒப்பினாளா என்பதை அறியேன். "தோழியையும் அடுத்த முறை அழைத்து வரலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அங்கிருந்த கன்னட அறிவிப்புப் பலகைகளை எனக்கு அவளே படித்துக் காட்டினாள். தமிழில் ஓர் எழுத்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. நரசீபுர வட்டத்துக் கல்வெட்டுகள் பல தமிழில் உள்ளன. ரைஸ் 1894-இலேயே அவற்றை அச்சிட்டார். ஆங்கிலேயர் ஒருவர் கற்றுப் படித்ததை நம் குழந்தைகள் படிக்க மாட்டாமல் நிற்பது யார் பிழை? என் பிழையே. ஊர் திரும்பிய மறுநாள் முதல் இரவில் அரைமணி நேரம் அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்து வருகிறேன். இப்போது உயிர்மெய் முடிந்திருக்கிறது.

மணல் ஒரே நாளில் ஊரை மூடவில்லை. ஆண்டிற்கு 9 அடியாகத்தான் வந்தது. மொழியும் அவ்வாறே வீட்டுக்கு வீடு மறைகிறது. ஆதலின் அன்பர்களே, அடுத்த விருந்தினர் வந்து எதைக் காண்பது என்று கேட்டால் தலைக்காட்டையும் சொல்லுங்கள். நம் சங்கத்தார் ஆண்டுக்கொரு முறை குழந்தைகளை, அவர்தம் கன்னடத் தோழர்களுடன், அங்கு அழைத்துச் செல்ல ஆவன செய்வார்களாக. கட்டுச்சோற்றுக்கு என் வீட்டார் பொறுப்பு.

வாழ்க தமிழ்! வளர்க கன்னட நன்னாடு!