வட்டுக்கோட்டையில் ஒரு சந்திர கிரகணம்



2025 செப்டம்பர் 7 இரவு, கிரகணம் பார்க்கப் பேத்தியோடு மொட்டை மாடிக்குப் போனேன். குரங்கணிப் பக்கமிருந்து வந்த மேகம் பாதி நேரம் நிலாவை மறைத்துவிட்டது. "எத்தனை மணிக்குப் பிடிக்கும்னு முன்கூட்டியே எப்படித் தாத்தா சொல்றாங்க?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் உங்களில் பலர் படித்திருக்கிறீர்கள். 1881இல் பசுமலையில் கல்லூரியாகத் தொடங்கியது அது. அதே அமெரிக்க மிஷன் அதற்கு வெகுகாலம் முன்பே, 1823இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கியிருந்தது. முதல்வர் டேனியல் பூர், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். அங்கெல்லாம் அந்தக் காலத்தில் மாணவர்களே சங்கம் வைத்து, சொந்தமாக நூலகம் சேர்த்து, ஒரு தலைப்பை எடுத்து வெட்டியும் ஒட்டியும் பேசுவார்கள்.

வட்டுக்கோட்டையில் சோறும் தங்கலும் இலவசம். ஆனால் கிறிஸ்தவர் இடத்தில் சாப்பிட மாட்டோம் என்று பையன்கள் நின்றுவிட்டார்கள். கடைசியில் பக்கத்திலிருந்த சைவர் ஒருவரின் நிலத்தில் சமையற்கூடம் போட வேண்டியதாயிற்று! ஒரு பையனின் செலவை ஏற்ற அமெரிக்கர் சொல்லும் பெயர் அவனுக்கு வந்துவிடும். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவை.

பாடம் தமிழ் இலக்கணம், ஆங்கிலம், கணிதம், தருக்கம், வானியல். வானியலில்தான் மோதல். 1829 மார்ச் 20 கிரகணத்துக்கு ஊர்ப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரி ஒரு கணக்குச் சொன்னார், பூர் வேறு கணக்குச் சொன்னார். பிடிக்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு மூன்றிலும் வித்தியாசம். நிலா பூர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிழை கொஞ்சம்தான். தொலைநோக்கி இல்லாமல் வழிவழி வந்த வாய்பாட்டை வைத்து அவ்வளவு நெருங்கிய சாஸ்திரியை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

கேள்வி கேட்கக் கற்ற பிள்ளைகள் பாதிரியார் காட்டிய பக்கம் மட்டும் போவார்களா? பலர் அரசாங்க வேலைக்குப் போனார்கள். மிஷன் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையிலேயே சைவர்களின் மறுப்புக் கடிதங்கள் வந்தன. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, இந்த ஆங்கிலப் படிப்பால் ஊழியத்துக்குப் பலன் இல்லை என்று செமினரியை மூடியது. பூர் அந்த ஆண்டுதான் வாந்திபேதியில் இறந்துபோனார்.

இரண்டே ஆண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பட்டத் தேர்வு நடத்தியது. தேறியவர்கள் இருவர், இருவரும் மூடப்பட்ட அந்த செமினரியில் படித்தவர்கள்! ஒருவர் மேலே சொன்ன கரோல். இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் அவர்தான். வட்டுக்கோட்டையிலேயே 1872இல் மறுபடியும் ஒரு கல்லூரி எழுந்தது.

மூடியவர்களைக் குறை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது என் ஞாபகம் ஒன்று குறுக்கே வந்தது. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மன்றம் நடத்துவேனே, நினைவிருக்கிறதா? ஒருமுறை தலைப்பு, 'மலைத்தோட்டம் நமக்கு வாழ்வா, சுமையா'. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகும் தன் அம்மாவின் கூலிக் கணக்கை ரூபாய் பைசாவோடு சொல்ல ஆரம்பித்தாள். அன்றைய சிறப்பு விருந்தினர் ஒரு தோட்ட முதலாளி. நேரம் முடியவில்லை. இருந்தும் நான் மணியை அடித்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

இதை நீ படிக்கிறாயா தெரியவில்லை அம்மா. படித்தால், அன்று நிறுத்திய இடத்திலிருந்து மீதியைக் கீழே எழுது. எவ்வளவு நீளமானாலும் சரி.